வந்து பார்த்த ஒரே பங்குதாரர்

அந்த அக்காவிடம் ஒரு லேப்டாப் கம்பெனியின் பங்குகள் பன்னிரண்டு இருந்தன. அந்தக் கம்பெனிக்கு மொத்தம் எத்தனை கோடிப் பங்குகள் என்று ஒருநாள் என் போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன்.

"அப்போ மத்தவங்கெல்லாம் எங்கபா? ஒருத்தரும் கடைக்கு வந்து பாக்கலியே" என்றார் அக்கா.

கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி வராது. கோடிக்கணக்கான முதலாளிகளில் தான் ஒருத்தி மட்டும் பொறுப்பாக இருப்பதாக அவர் உண்மையிலேயே நினைத்தார்.

நான் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ராஜ வீதியை ஒட்டி இருந்த ஒரு லேப்டாப் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். அக்கா இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கும் வேலையில் இருந்தார். ஒரு கல்யாணக் கூட்டம் வந்தால் சேல்ஸ்மேன்கள் அறுபது புடவையை விரித்துப் போடுவார்கள். கூட்டம் மூன்றை எடுத்துக்கொண்டு போகும். மீதி ஐம்பத்தேழையும் பழைய மடிப்பு பிசகாமல் மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்குவது அக்காவின் வேலை. இருபது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். விரித்துக் காட்டுகிறவருக்குப் பேசவே நேரம் சரியாக இருக்கும். மடிக்கிறவருக்கு ஆட்களைப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும்.

"நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு வாயால சொல்றவங்க எடுக்கமாட்டாங்கபா" என்பார். "பேசாம முந்தானைய தடவிக்கினே ஒக்காந்திருப்பாங்க பாரு, அவங்கதான் எடுப்பாங்க."

எங்கள் கடையில்தான் அவர் ஒரு போன் வாங்கினார். அதில் பங்கு வாங்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தவன் நான். அதற்காக என் பழைய முதலாளி இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

முதலில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இரண்டு பங்கு வாங்கினார். மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று, டீயில் பிஸ்கட் நனைப்பவர்களைக் கவனிக்க ஆரம்பித்தார். ஒரு ஆட்டோக்காரரின் பிஸ்கட் பாதியில் உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது. அக்கா அவரிடம் போய், "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நான் சொல்லிடறேன்" என்றார். ஆட்டோக்காரர் டீ மாஸ்டரைப் பார்த்தார். டீ மாஸ்டர் வானத்தைப் பார்த்தார்.

அன்று மதியமே எங்கள் கடைக்கு வந்து கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னார். 'நம்ம பிஸ்கட் மூணு எண்ணறதுக்குள்ள ஊறிப்போகுது, நாலு எண்ணற வரைக்கும் தாங்கணும்' என்று அவர் சொன்னதை நான் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது. அதை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனார்.

பிறகு ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஒரே ஒரு பங்கு. மழைக்காலம் முடிந்ததும், ஊரில் அந்தப் பெயிண்ட் அடித்த வீடுகளை விசாரித்துப் போய்ப் பார்த்தார். ஒரு வீட்டுச் சுவரில் உப்புப் பூத்திருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அடிக்கறதுக்கு முன்னாடி பட்டி ஒழுங்கா பாத்தாங்களா இல்லியா? எல்லாத்துக்கும் எங்கள சொல்லக்கூடாது" என்றார். வீட்டுக்காரர் யாரையும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பாதிக் குளியலில் துண்டோடு வந்து நின்றவர், "சரிங்கமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இந்த நிலைமையில்தான் அந்த லேப்டாப் கம்பெனி ஒரு மலிவு லேப்டாப்பைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. எல்லாரும் வாங்குகிற விலை, தோள்பையில் இருப்பதே தெரியாத எடை என்று விளம்பரம் வந்தது. அக்கா மூன்று நாள் யோசித்து, பிஸ்கட்டையும் பெயிண்டையும் விற்று, கையிலிருந்ததையும் சேர்த்து, அந்தப் பன்னிரண்டு பங்குகளை வாங்கினார்.

"ஒரே எடத்துல போடறீங்களேக்கா" என்றேன்.

"மூணு கம்பெனிய கட்டி மேய்க்க முடியலபா. எனக்கும் வயசாவுதில்ல."

லேப்டாப் வந்த அன்று எங்கள் முதலாளி வாசலில் பலூன் கட்டியிருந்தார். அவரும் மச்சான் பேச்சைக் கேட்டு அந்தக் கம்பெனிப் பங்குகளை வாங்கியிருந்தார். அக்காவைப் போல பல மடங்கு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் டப்பாவோடு அக்கா வந்தார். பலூனைப் பார்த்தார். ஒன்று சுருங்கியிருந்ததைக் கழற்றச் சொன்னார்.

"வாங்க முதலாளியம்மா" என்றார் எங்கள் முதலாளி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

"இருக்கட்டும் இருக்கட்டும். நீங்க வியாபாரத்த பாருங்க" என்றார் அக்கா.

அன்றிலிருந்து எங்கள் கடைக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் கல்லாவில். இன்னொருவர் தினமும் ஒன்றரை மணியிலிருந்து இரண்டேகால் வரை, பிரிண்டர் பெட்டி மேல்.

கூட்டம் வந்தது. ஆனால் யாரும் வாங்கவில்லை. காரணம் எனக்குப் புரியவில்லை. கையில் எடுப்பார்கள், ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள், முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் லேப்டாப்பைக் காதருகே வைத்து ஆட்டிக்கூடப் பார்த்தார். "உள்ள எதாச்சும் வெச்சிருக்காங்களாபா?"

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"இந்த ஊருல வந்து லேசா இருக்குதுன்னு போஸ்டர் ஒட்டினா எவன் வாங்குவான்? கையில கனத்தாதான் பட்டு, கனத்தாதான் ஜரிகைன்னு பொறந்ததுலருந்து பாத்துக்கினு இருக்கற ஜனம்பா இது. மொதல்ல அந்த போஸ்டர கிழி."

முதலாளி தயங்கினார். அதற்குள் அக்காவே எழுந்து போய்க் கிழித்துவிட்டார். அடுத்து நிறங்களுக்கு வந்தார். கம்பெனி நான்கு நிறம் அனுப்பி, நான்குக்கும் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது அரக்கு. இது மாம்பழ மஞ்சள். இது ராமர் பச்சை. இது மயில் கழுத்து. எழுதிக்கோ."

நான் எழுதி ஒட்டினேன். அந்த வாரம் மயில் கழுத்து மட்டும் ஐந்து போனது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், பெண்ணுக்கு அரக்குப் புடவையும் மாப்பிள்ளைக்கு அரக்கு லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு போனது. எடை பற்றி யாராவது கேட்டால், "கனமா வோணும்னா அம்மிக்கல்லு வாங்கிக்கினு போங்க, அதுல ஈமெயில் வராது" என்று பெட்டி மேலிருந்து குரல் வரும். வாங்காமல் முணுமுணுத்துக்கொண்டே போகிறவர்களை முதலாளி தடுக்கப் பார்த்தால், "விடுங்க, அவரு வரமாட்டாரு. அந்தப் பொண்ணப் பாருங்க, மூடிய தடவிக்கினே இருக்குது" என்பார். அந்தப் பெண் வாங்குவாள்.

பட்டுக் கடையில் கற்றதெல்லாம் இங்கே பலித்தது. பங்குச் சந்தையில் மட்டும் பலிக்கவில்லை.

லேப்டாப் வந்த இரண்டாம் வாரமே பங்கு விலை இறங்க ஆரம்பித்தது. லேப்டாப் விற்க விற்கப் பங்கு இறங்கியது. கடை டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், இத்தனை மலிவாக விற்றால் கம்பெனிக்கு லாபம் எப்படி நிற்கும், முதலீட்டாளர்கள் ஏமாற்றத்தில் இருக்கிறார்கள் என்று விளக்கினார். அக்கா டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கேட்டார்:

"ஜனங்க சந்தோசமா வாங்கிக்கினு போறாங்க. இவங்களுக்கு இன்னாபா ஏமாத்தம்?"

"இன்னும் கொஞ்சம் அதிக விலைக்கு வித்திருக்கலாம்னு நெனக்கிறாங்கக்கா."

"அதிக விலைக்கு வித்தா யாரு வாங்குவாங்க?"

"வாங்கமாட்டாங்க."

"அப்போ சந்தோசமா இருப்பாங்களா?"

கோட்டுப் போட்டவருக்கே அது தெரிந்திருக்காது. "அந்தாளு எந்தக் கடையில நின்னு பாத்தாராம்?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

விலை இறங்க ஆரம்பித்த மூன்றாம் நாள் எங்கள் முதலாளி பொறுக்க முடியாமல் எல்லாப் பங்குகளையும் விற்றுவிட்டார். வாசலில் அதே கம்பெனியின் பலூன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவையும் விற்கச் சொன்னார். அக்கா அவரை ஏதோ தகாத வார்த்தை சொன்னவரைப் போலப் பார்த்தார்.

"வீட்ல ஒருத்தருக்கு ஜுரம்னா மாத்திரைதான் வாங்குவோம். வீட்ட காலி பண்ணிக்கினு போவமா?"

முதலாளி கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க அப்பா காலமெல்லாம் ஊரான் நெலத்துல வேல செஞ்சவரு. எங்க ஜனத்துல ஒரு சென்ட் நெலம் யாருக்கும் கெடையாது. எது ஒண்ணுக்கும் எங்க வூட்ல முதலாளின்னு ஒருத்தர் இருந்ததில்லபா. நான்தான் மொதல்ல. இத்த போயி மூணே நாள்ல விக்கச் சொல்றாரே."

சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் ஒருநாளும் விற்கச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து லேப்டாப் மூடிகள் உடைய ஆரம்பித்தன.

முதலில் வந்தவர் ஏழுமலை. புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். அக்கா பேச்சை நம்பி மயில் கழுத்து வாங்கியவர். திரையையும் கீழ்ப்பாகத்தையும் இணைக்கும் கீல் விட்டுப்போய், மூடி நிற்காமல் பின்னால் சாய்ந்தது. கையை எடுத்தால் மல்லாந்துவிடும்.

"ஒரு கையில புடிச்சிக்கினு ஒரு கையில யானை வரைஞ்சிக்கினு இருக்கறன்" என்றார் ஏழுமலை. "யானைக்கு மூணு காலுதான் வருது."

சர்வீஸ் சென்டர் சென்னையில். கொடுத்தால் ஒரு மாதம். ஏழுமலைக்கு அதுவரை காத்திருக்க முடியாது. டிசைனுக்காகத் தறி நின்றிருந்தது. எங்கள் முதலாளி, கடைக்கும் கீலுக்கும் சம்பந்தமில்லை என்றார். அப்போது பிரிண்டர் பெட்டியிலிருந்து அக்கா எழுந்து வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. லேப்டாப்பை இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்தார். அது மல்லாந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடி மல்லாந்தது.

"நான்தானே சொன்னேன் வாங்குன்னு" என்றார்.

"நீ சொன்னதாலதான் வாங்கினேன்" என்றார் ஏழுமலை. அவரும் இடக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் பட்டுக் கடையிலிருந்து நான்கு காலிப் புடவைப் பெட்டிகளோடு வந்தார். தரையில் உட்கார்ந்து, அட்டையை வெட்டி, புடவை மடிப்பதைப் போலவே ஓரம் ஓரமாக அழுத்தி மடித்து, முக்கோணமாக ஒரு தாங்கி செய்தார். அதை லேப்டாப்புக்குப் பின்னால் வைத்தால் மூடி நின்றது. அட்டைமேல் பட்டுக் கடையின் பெயரும் ஒரு அன்னப்பறவையும் தங்க நிறத்தில் மின்னின. ஏழுமலை கொண்டுபோய், யானைக்கு நான்காவது காலைப் போட்டார்.

அடுத்தடுத்து ஏழு பேர் வந்தார்கள். ஆக எட்டு லேப்டாப், எட்டு அட்டைத் தாங்கி. பட்டுக் கடையில் பெட்டிகள் குறைவதைப் பற்றிப் பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். தாங்கி கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் அக்கா ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "நான் மேல பேசறேன்."

மேலே பேச ஒரு வழி இருந்தது. கம்பெனியின் வருடாந்திரக் கூட்டம் இணையத்தில் நடக்கப்போவதாகவும், பேச விரும்பும் பங்குதாரர்கள் முன்கூட்டியே பதிவுசெய்யலாம் என்றும் அவருக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. பதிவு செய்தேன். பேச்சாளர் வரிசையில் பதினான்காவது, பேச இரண்டு நிமிஷம் என்று பதில் வந்தது.

கூட்டத்தன்று அக்கா கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். ஏழுமலையின் மயில் கழுத்து லேப்டாப்பிலிருந்துதான் பேசுவேன் என்று பிடிவாதம். அட்டைத் தாங்கியோடு மேஜையில் வைத்தோம். தகவல் பரவி, மற்ற ஏழு பேரும் ஏழுமலையும் வந்து நின்றுவிட்டார்கள். எங்கள் முதலாளி வேடிக்கை பார்ப்பதற்காக ஷட்டரைப் பாதி இறக்கினார்.

திரையில் தலைவரும் இயக்குநர்களும் வரிசையாகத் தெரிந்தார்கள். முன்னால் பேசிய பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் தலைவரைப் புகழ்ந்தார்கள். மூன்று பேர் விலை ஏன் இறங்கியது என்று கேட்டார்கள். ஒருவர், கூட்டம் இணையத்தில் நடப்பதால் சாப்பாடு போடுவதில்லை என்று வருத்தப்பட்டார்.

அக்காவின் முறை வந்தது. எழுந்து நின்று கும்பிட்டு, நல்ல குரலில் பேச ஆரம்பித்தார். தலைவர் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை நிமிஷம் போனபிறகுதான் மைக் அணைந்திருப்பதைக் கவனித்தேன். போட்டுவிட்டேன். அக்கா கலங்கவில்லை, மறுபடி முதலிலிருந்து கும்பிட்டார்.

"வணக்கம். நான் காஞ்சிபுரத்துலருந்து பேசறேன். நம்ம லேப்டாப் நல்லாதான் போவுது. ஜனங்க ஆசையா வாங்கறாங்க. வெல எறங்குதுன்னு இங்க பல பேர் பேசினாங்க. அது எறங்கட்டும், ஏறட்டும். எனக்கு அது இல்ல சார் பேச்சு. எனக்கு இந்த மூடி..."

மூடி என்று சொல்லி அதைச் சுட்டிக்காட்டக் கையை நீட்டினார். விரல் பட்டு அட்டைத் தாங்கி நழுவியது. திரை மல்லாந்தது.

இப்போது கம்பெனியின் தலைவர், இயக்குநர்கள், நாடெங்கும் உட்கார்ந்திருந்த பங்குதாரர்கள் எல்லாரும் எங்கள் கடையின் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேனில் தூசி நிறைய இருந்தது. முதலாளி, "ஐயையோ" என்றார். அது நாடு முழுக்கக் கேட்டது.

ஒரு பெண் குரல், அநேகமாகக் கம்பெனிச் செயலாளர், தமிழில் கேட்டது: "அம்மா, இருக்கீங்களா? என்ன ஆச்சு?"

"இதான்மா ஆச்சு" என்றார் அக்கா, ஃபேனுக்குக் கீழே எங்கிருந்தோ. "இத்தச் சொல்லத்தான் வந்தேன். இந்த மாதிரி எட்டுப் பேருக்கு ஆயிருக்குது. எல்லாரும் என்ன நம்பி வாங்கினவங்க. அட்டைய முட்டுக்குடுத்து வெச்சிருக்கேன். எத்தினி நாளைக்கு நான் அட்டை மடிக்கறது?"

அந்தப் பக்கம் யாரோ மொழிபெயர்க்கும் முணுமுணுப்பு கேட்டது. பிறகு யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். தலைவர் ஆங்கிலத்தில், குறித்துக்கொண்டோம் என்று சொன்னார். இரண்டு நிமிஷமும் முடிந்தது.

"இன்னா சொன்னாரு?" என்றார் அக்கா.

"குறிச்சிக்கிட்டாராம்."

"எதுல?"

எட்டுப் பேரும் கலைந்து போனார்கள். அக்கா பட்டுப் புடவையோடு பிரிண்டர் பெட்டி மேல் உட்கார்ந்து, நழுவிய தாங்கியை இன்னும் அகலமாக மடிக்க ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். கம்பெனியின் பெயர் போட்ட ஒரு வேன் கடை வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் கருவிப் பெட்டியோடு இறங்கினார்கள். கீல்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஃபேனைக் காட்டிய கடை இதுதானா என்று கேட்டார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். மடித்துக்கொண்டிருந்த புடவையைப் பாதியில் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்ததாகப் பின்னால் தெரிந்தது. வந்ததும் அவர்களை ஏற இறங்கப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றார். இல்லை என்றார்கள். இட்லி வரவழைத்து, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரையும் லேப்டாப்பைத் தொட விடவில்லை. "நம்ம ஆளுங்க, காலையில கெளம்பினவங்க" என்று ஏழுமலையிடம் அதட்டினார். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு லேப்டாப் முடிந்ததும் மூடியைத் தானே பத்து முறை திறந்து மூடிப் பார்த்தார். அரக்கு ஒன்றில் ஆட்டம் இருக்கிறது என்று மறுபடி கழற்ற வைத்தார்.

எட்டும் முடிய மாலை ஆகிவிட்டது. மூத்த டெக்னீஷியன் எட்டுத் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். வேலை திருப்தி என்று யாராவது கையெழுத்துப் போடவேண்டும். தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன.

"நீங்க கஸ்டமரா மேடம், டீலரா?"

"ரெண்டும் இல்லபா. முதலாளி."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்காமல் தலையாட்டினேன். கல்லாவிலிருந்து எங்கள் முதலாளியும், என்ன தோன்றியதோ, தலையாட்டினார்.

"எத்தனை ஷேர் மேடம்?"

"பன்னெண்டு."

டெக்னீஷியன் பேனாவைக் கையில் உருட்டினார். "எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல" என்றார். பிறகு முதல் தாளில் இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில், ஸ்கேல் இல்லாமல், மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதன் மேல் 'உரிமையாளர்' என்று எழுதினார். அடுத்த தாளிலும் வரைந்தார். எட்டுத் தாளிலும் வரைந்து முடித்தார்.

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுருக்கக் கையெழுத்துப் போடவில்லை. அப்பா பெயரையும் சேர்த்து முழுப் பெயரையும், எழுத்து எழுத்தாக, கட்டத்தைத் தாண்டாமல் எழுதினார். வாசலில் வேன் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். அக்கா நிமிரவில்லை. இன்னும் ஐந்து தாள்கள் இருந்தன.